இரவல் இரும்பில் எழுந்த நகரம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் ஐந்து ஆறுகள் கூடுகிற இடத்தில் வளர்ந்தது. டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் ஆகிய இவற்றில் எதுவும் பெரிய ஆறு அல்ல. ஆனால் எல்லாமே பென்னைன் மலைச்சரிவிலிருந்து விரைந்து இறங்குபவை. இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றியது. சாணைக்கு வேண்டிய முரட்டு மணற்கல் அதே மலைகளில் கிடைத்தது. முதலில் காட்டு விறகுக் கரி, பிறகு நிலக்கரி என எரிபொருளுக்கும் குறைவில்லை. கத்தி செய்யத் தேவையானவற்றுள் நல்ல இரும்பு ஒன்றுதான் அங்கே இல்லை. உள்ளூர்த் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். அதில் வடித்த இரும்பு குளிர்ந்தபின் அடி தாங்காமல் உடையும். உலகத்துக்கே கத்தி விற்ற ஊர் தன் எஃகுக்கான இரும்பைக் கடைசிவரை வெளியிலிருந்தே வாங்கியது. அந்நகரத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம்.

1297ஆம் ஆண்டின் வரி ஆவணத்திலேயே அங்கு ஒரு கத்திக் கொல்லரின் பெயர் பதிவாகியுள்ளது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் கதைகளில் வரும் மாவு ஆலைக்காரனின் காலுறைக்குள் ஒரு ஷெஃபீல்டு கத்தியைச் செருகிவைத்தார். ஊர் பெயரைச் சொன்னாலே கத்தியின் தரம் வாசகருக்குப் புரியும் நிலை அப்போதே வந்துவிட்டது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கத்திக் கொல்லர் சங்கம் அமைந்தது. யார் தொழில் பழகலாம், எத்தனை ஆண்டு பழக வேண்டும், யார் எந்த முத்திரையைப் பொறிக்கலாம் என்பதையெல்லாம் அது வரையறுத்தது. வேலை மூன்று கைகளில் பிரிந்திருந்தது: அலகைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். பெரிய தொழிற்சாலைகள் வந்த பிறகும், ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஓரிரு ஆட்களோடு இதில் ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டு வரை அங்கே நிலைத்திருந்தனர்.

இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கார்பனின் அளவு. நூற்றில் ஒரு பங்கில் பத்திலொன்றுகூட இல்லாதது தேனிரும்பு. வளையும், கூர் நிற்காது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போனால் வார்ப்பிரும்பு. கடினமானது, ஆனால் சம்மட்டி பட்டால் சிதறும். இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியில்தான் எஃகு இருக்கிறது. கத்திக்கு நூற்றுக்கு அரையிலிருந்து ஒன்றரை வரை போதும். இந்தக் கணக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே அதைக் கையால் பிடித்தவர்களின் கதைதான் எஃகின் பழைய வரலாறு முழுவதும்.

ஷெஃபீல்டு கடைப்பிடித்த முதல் வழி, ஸ்வீடனிலிருந்து தூய்மையான தேனிரும்புச் சட்டங்களைக் கப்பலில் வரவழைப்பது. அவற்றைக் கற்பெட்டிகளில் கரித்தூளுடன் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரத்துக்கும் மேலாகச் சூடேற்றினர். இரும்பு உருகாமலே கரியிலிருந்து கார்பனை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது சட்டத்தின் மேல் கொப்புளங்கள் எழும்பியிருக்கும். அதனால் கொப்புள எஃகு என்றே பெயர். இதன் குறை என்னவென்றால் மேற்புறத்தில் கார்பன் மிகும், உள்ளே குறையும். மண்வெட்டிக்கு இது பொருட்டல்ல. சவரக்கத்திக்கும் கடிகாரச் சுருள்வில்லுக்கும் பெரும் தொல்லை. அத்தகைய உலைகளுள் ஒன்று ஹாய்ல் தெருவில் இன்றும் நிற்கிறது. 1848இல் கட்டப்பட்ட அது கடைசியாக 1951இல் எரிந்தது.

சுருள்வில் தொல்லையைத் தீர்க்க முனைந்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி. 1740ஐ ஒட்டி ஷெஃபீல்டுக்கு அருகிலுள்ள ஹேண்ட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த அவர், கொப்புள எஃகைத் துண்டுகளாக்கி, களிமண் மூசையில் இட்டு முழுவதுமாக உருக்கினார். உருகிய எஃகில் கார்பன் எங்கும் சமமாகப் பரவும். கசடு மேலே மிதக்கும். சொல்வதற்கு எளிது. ஏறத்தாழ 1,600 பாகை வெப்பத்தில் மணிக்கணக்கில் உடையாமல் நிற்கும் மூசை வேண்டும், அந்த வெப்பத்தைத் தரும் கற்கரி உலை வேண்டும். இரண்டையும் கண்டுபிடிப்பதில்தான் அவருடைய ஆண்டுகள் கழிந்தன. மூசைக்கான களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பிசைவார்கள். ஒரு சிறு கல் அகப்படாமல் நின்றாலும் மூசை உலைக்குள் வெடிக்கும், காலுக்குத்தான் அந்தக் கல் தட்டுப்படும். காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்ட ஒருவர் குழிக்குமேல் நின்று, எரியும் மூசையை நீண்ட இடுக்கியால் கைப்பலத்தால் மேலே இழுப்பார்.

இத்தனை பாடுபட்டுச் செய்த எஃகை ஷெஃபீல்டின் கத்திக் கொல்லர்கள் வாங்க மறுத்தனர். சம்மட்டிக்கு அது கடினமாக இருந்தது. ஹன்ட்ஸ்மன் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் சந்தையைப் பிடித்த பிறகே, அந்த எஃகை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க வேண்டும் என்று அதே கொல்லர்கள் முறையிட்டனர். தடை வரவில்லை, அவர்கள் வழிக்கு வந்தனர். அடுத்த நூறாண்டுகளில் இந்த மூசை முறையே நகரத்தைப் பெரிதாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் எஃகில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஷெஃபீல்டில் உருவானது.

மூசையில் எஃகு செய்வது உலகுக்குப் புதிதல்ல. நொய்யல் ஆற்றின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைத் துண்டுகளும் வெளிப்பட்டன. சங்க இலக்கியம் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அது. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவலூரில் சாரதா சீனிவாசன் கண்டறிந்த மூசைகளும், தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர் தேடி வந்து எஃகு வாங்கிச் சென்ற செய்தியும் இத்தொழிலின் பரப்பைக் காட்டுகின்றன. இலங்கையின் சமனல வெவாவில் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய மலைச்சரிவு உலைகளை கில்லியன் ஜூலெஃப் அகழ்ந்து, அவை இயங்கும் விதத்தைச் செய்துகாட்டி 1996இல் வெளியிட்டார். அரபு நூலாசிரியர்கள் சரந்தீப் வாளை, அதாவது இலங்கை வாளை, தனியாகக் குறிப்பிட்டதில் வியப்பில்லை.

சேலம் வட்டாரத்துச் செய்முறையை 19ஆம் நூற்றாண்டில் நேரில் கண்டவர்கள் எழுதிவைத்தனர். அடித்துத் தூய்மையாக்கிய இரும்புத் துண்டு, அரை ராத்தல் முதல் இரண்டு ராத்தல் வரை, அதனுடன் உலர்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. மூசையின் வாயை மண்ணால் பூசி அடைப்பார்கள். அப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரி கொட்டி, துருத்தி ஊதி, இரண்டரை மணி நேரம் எரிப்பார்கள். இங்கே இரும்பை உருக்க 1,538 பாகை தேவைப்படவில்லை. குச்சியும் இலையும் கரியாகித் தரும் கார்பனை இரும்பு உறிஞ்ச உறிஞ்ச, அது உருகும் வெப்பநிலை 1,400 பாகை அளவுக்கு இறங்கிவிடும். ஐரோப்பியர் நெருப்பைக் கூட்டித் தீர்த்த சிக்கலைக் கொங்குக் கொல்லர் கரியைக் கூட்டித் தீர்த்தனர் எனலாம். கிடைத்த கட்டியில் கார்பன் நூற்றுக்கு ஒன்றரையை ஒட்டி இருந்தது. மெல்லக் குளிர்வதால் இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மம் வரிவரியாகப் பிரிந்து நிற்கும். தக்க சூட்டில் அடித்து நீட்டி, அமிலம் பூசினால், டமாஸ்கஸ் வாள்களுக்குப் புகழ் தந்த நீரலை வடிவம் அலகில் தோன்றும்.

ஐரோப்பியக் கொல்லர்களுக்கு இந்தக் கட்டி பிடிபடவில்லை. வழக்கப்படி வெண்சூடாகக் காய்ச்சி அடித்தார்கள். அது நொறுங்கிச் சிதறியது. செஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டிய எஃகு அது. 1794இல் பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் இதன் மாதிரிகளை லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை படித்தார். ஹன்ட்ஸ்மன் இந்திய முறையைத் திருடினார் என்ற பேச்சு தமிழ் மேடைகளில் அவ்வப்போது எழுவதுண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. அவருடைய மூசை எரியத் தொடங்கி அரை நூற்றாண்டு கழித்தே அந்த மாதிரிகள் லண்டனை எட்டின, செய்முறையும் வேறு. உண்மையான தொடர்பு அதற்குப் பின்னர், இருவர் வழியாக வந்தது.

முதலாமவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் புகழ்பெற்ற அவர் ஒரு கொல்லரின் மகன். லண்டனில் அறுவைக்கருவி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் இந்திய எஃகின் கூரைப் பெரிதும் மதித்தவர். இருவரும் 1819 முதல் 1822 வரை அந்த எஃகின் சிறப்புக்குக் காரணம் தேடினர். அலுமினியச் சேர்மங்களே காரணம் என்ற அவர்களது முடிவு தவறு. ஆனால் தேடும் வழியில் எஃகுடன் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல் என ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தனர். அவற்றைப் பெரிய அளவில் உருக்கும் வேலை ஷெஃபீல்டு உலைகளில் நடந்தது. குரோமியத்தையும் நூற்றுக்கு ஒன்று, மூன்று என்ற அளவில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வரை போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு இன்னும் தொண்ணூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாமவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாண நிர்வாகப் பணியை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்தின் காந்தத் தாது, காட்டு மரக்கரி, ஐரோப்பிய பாணி ஊதுலை. அங்கு வடித்த இரும்பு ஷெஃபீல்டின் எஃகுக்காகக் கப்பலேறியது. தாது தரமானது, கரிதான் ஆலையை விழுங்கியது. அக்கம்பக்கத்துக் காடுகள் தீரத் தீரத் தொலைவிலிருந்து கரி வர வேண்டியதாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடன்களாலும் நிறுவனத்தை நிமிர்த்த முடியவில்லை. பெயரும் உரிமையும் மாறி 1860களில் உலைகள் அணைந்தன. சேலத்துச் சிற்றுலைகளும் அதே நூற்றாண்டில் மங்கின. காட்டுக் கட்டுப்பாட்டால் கரி அரிதானது; வாள் வாங்கும் அரசுகள் மறைந்தன; ராத்தல் கணக்கில் செய்த எஃகு, டன் கணக்கில் வந்திறங்கிய எஃகோடு விலையில் நிற்க முடியவில்லை. செய்முறை தெரிந்த கடைசிக் குடும்பங்களிடமிருந்து அதை யாரும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஹீத் ஷெஃபீல்டில் செய்த வேலையின் விளைவு அதைவிடப் பெரிது. 1839இல் அவர் பெற்ற காப்புரிமை, மூசை எஃகில் சிறிதளவு மாங்கனீசு சேர்ப்பது பற்றியது. இரும்பிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்தால், செஞ்சூட்டில் உருகும் மெல்லிய படலமாகி இரும்பின் படிக மணிகளுக்கிடையே நிற்கும்; சம்மட்டி பட்டதும் அந்த வழியே வெடிப்பு ஓடும். மாங்கனீசு இருந்தால் கந்தகம் அதனுடன் சேர்ந்து தனித்தனி உருண்டைகளாக ஒதுங்கிவிடும். அதன்பின் ஸ்வீடன் இரும்பை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. மலிவான இரும்பிலும் அடிக்கக்கூடிய எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டின் எஃகு முதலாளிகள் காப்புரிமையில் ஒரு சந்து கண்டனர். ஹீத் சொன்னது மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த பொருள். அவர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டனர். இரண்டும் உள்ளே சேர்ந்து அதே பொருளாகத்தான் ஆகின்றன! வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேதியியல் அவர் பக்கம் இருந்தது, சட்டச்சொல் இல்லை.

அடுத்த ஆண்டே மாங்கனீசு இன்னொரு முறை தேவைப்பட்டது. 1856இல் ஹென்றி பெசமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதிக் கார்பனை எரித்து, நிமிடங்களில் எஃகு செய்யும் முறையை அறிவித்தார். பிறர் செய்து பார்த்தபோது எஃகு வெடித்தது. மாங்கனீசுள்ள வார்ப்பிரும்பை இறுதியில் சேர்த்தால் சரியாகும் என்று ராபர்ட் மஷெட் காட்டினார். பெசமர் தன் ஆலையை ஷெஃபீல்டிலேயே அமைத்தார். தண்டவாளமும் கவசத் தகடும் இந்த எஃகில் வந்தன. கத்திக்கு மூசை எஃகே தொடர்ந்தது. 1882இல் அதே ஊரின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு மாங்கனீசை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை ஏற்றி, அடிக்க அடிக்க இறுகும் எஃகைப் படைத்தார்.

மலேசியக் கம்பங்களில் பாராங் என்னும் வெட்டுக்கத்தியை அடிக்கும் கொல்லர்கள் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைத் தேடி வாங்குவதன் காரணமும் இந்த மாங்கனீசில்தான் இருக்கிறது. கார்பன் நூற்றுக்கு அரைக்கு மேல், மாங்கனீசு ஒன்றை ஒட்டி: அடித்தால் வெடிக்காது, தோய்த்தால் ஆழம்வரை இறுகும். ஹீத்தின் பெயரை அங்கு யாரும் அறிந்திருக்கத் தேவையில்லை. அங்கு ரப்பர்ப் பால்மரம் சீவும் கத்தியும் கார்பன் எஃகுதான். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், அடியிலுள்ள வளர்படலத்தைத் தொடவும் கூடாது. அந்தக் கூருக்காக அதை அடிக்கடி தீட்டுவார்கள்.

கூரின் விலையை ஷெஃபீல்டில் சாணைக்காரர்கள் கொடுத்தனர். மணற்கல் சுழலும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி அதை வடுவேற்றி இறுக்கும். கத்திச் சாணைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முள்கரண்டிக்கு உலர்சாணை, ஆகவே முள்கரண்டிக்காரர்களில் நாற்பதைத் தொட்டவர் அரிது. தூசியை இழுக்கும் விசிறியும் காந்தக் கவசமும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இருந்தன. ஆயுள் கூடினால் ஆள் பெருகும், ஆள் பெருகினால் கூலி குறையும் என்று அஞ்சித் தொழிலாளர்களே பலர் அவற்றை ஒதுக்கியதாக அக்கால மருத்துவர் ஜார்ஜ் கால்வர்ட் ஹாலண்ட் எழுதினார். அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கூலியில் வாழ்ந்தவர்களின் கணக்கு அது. தொழிற்சங்கத்தில் சேராதவர்களின் சாணைப் பட்டைகள் இரவில் காணாமற்போயின. 1866இல் ஒரு வீட்டில் வெடிமருந்தே வெடித்தது. அதை விசாரித்த ஆணையத்தின் பணி, பிரிட்டனில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைக்கும் பாதையில் ஒரு படியானது.

1913 ஆகஸ்டு 13 அன்று, பிரௌன் ஃபிர்த் ஆய்வுக்கூடத்தின் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க ஓர் எஃகை வார்த்தார்: குரோமியம் நூற்றுக்கு 12.8, கார்பன் 0.24. மூசைத் தொழிலாளியின் மகனான அவர், ஃபிர்த் நிறுவனத்தில் சிறுவனாகப் புட்டி கழுவும் வேலை பார்த்தவர். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் பூசினால் அந்த எஃகை அமிலம் அரிக்கவில்லை. முதலாளிகள் ஆர்வம் காட்டவில்லை. பிரியர்லி கத்தித் தொழிலை நினைத்தார். போர்ட்லேண்ட் ஒர்க்ஸ் கட்டடத்திலிருந்த ஆர். எஃப். மோஸ்லி நிறுவனத்தின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதில் கத்தி செய்து, வினிகரில் போட்டுப் பார்த்து, கறைபடாத எஃகு என்று பெயரிட்டார். முதற்கத்திகள் சரியாகத் தோய்க்கப்படாமல் மழுங்கின. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர் பிரியர்லியைக் கேலி செய்தது.

குரோமியம் பன்னிரண்டை ஒட்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலத்தை எஃகின் மேல் விரிக்கிறது. கீறினால் அதுவே மீண்டும் மூடிக்கொள்ளும். இதன் அருமை மலேசியாவில், ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸில் எளிதில் விளங்கும். அங்குள்ள புளித்த கரிச்சேற்று நிலத்தில் வேறு பயிர் தயங்கும்போதும் அன்னாசி செழிக்கிறது. பழத்தின் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் கார்பன் எஃகைச் சிறிது கரைத்து அலகைக் கருக்கச் செய்யும். பழத்திலும் இரும்பு நெடி ஏறும். கறைபடாத கத்தியில் இது நேராது. ஆனால் அன்னாசியில் தேய்த்த உப்பு கத்தியில் ஒட்டிக் கிடந்தால் கதை மாறும்: குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கழுவித் துடைப்பதே மருந்து. டப்பாவில் அடைத்த அன்னாசிக்கு வேறு காவல். எஃகுத் தகட்டின் மேல் பூசிய வெள்ளீயம் தான் சிறிது கரைந்து இரும்பைக் காக்கிறது, பழத்தின் நிறத்தையும் காக்கிறது.

ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தார் 1912இல் நிக்கலும் சேர்த்து வேறொரு வகையைக் காப்புரிமை செய்தனர். குரோமியம் 18, நிக்கல் 8 என்ற அளவில் வரும் அது காந்தத்தில் ஒட்டாது, தோய்த்தாலும் இறுகாது. அதனால் கத்திக்கு உதவாது. கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் ஏற்றது. வீட்டு எவர்சில்வர் டம்ளரில் ஒட்டாத காந்தம் காய்கறிக் கத்தியில் ஒட்டுவது இதனால்தான். தமிழகத்தில் இந்த எஃகுத் தகட்டை உருட்டும் ஆலை 1981இல் சேலத்தில், கஞ்சமலை அடிவாரத்தில் இயங்கத் தொடங்கியது. மலையின் தாதுவை நம்பித் திட்டமிடப்பட்ட ஆலை அது. ஆனால் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் உருட்டியது.

ஷெஃபீல்டின் சரிவு மெல்ல வந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் 19ஆம் நூற்றாண்டிலேயே போட்டியிட்டது. ஷெஃபீல்டு முத்திரையைப் போலியாகப் பொறித்த பொருள்கள் பெருகியதால், பிறப்பிடத்தைக் குறிக்க வேண்டும் என்ற 1887ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான், பிறகு சீனாவின் யாங்ஜியாங். 1970கள், 80களில் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. போர்ட்லேண்ட் ஒர்க்ஸ் குடியிருப்பாக மாறவிருந்தது. 2013இல் ஊர்மக்கள் பங்கு போட்டு வாங்கினர், இன்றும் அங்கு சிறு பட்டறைகள் நடக்கின்றன. 1932இல் தொடங்கிய ஸ்வான் மார்ட்டன் நிறுவனம் உலகின் அறுவை அரங்குகளுக்கு ஷெஃபீல்டிலிருந்து கத்தி அலகுகளை அனுப்பிவருகிறது. அவை இரு வகையாகக் கிடைக்கின்றன: ஒன்று கறைபடாத எஃகு, மற்றது கார்பன் எஃகு. ஒருமுறை வெட்டி எறியப்போகும் அலகு துருப்பிடிப்பதைப் பற்றிக் கவலைப்படாத மருத்துவர்கள், கூருக்காக இரண்டாவதைக் கேட்கிறார்கள்.